மூலநிரலில் நினைவகக் குறைகளைத் தேடுதல்: சொல்லும் பொருளும்

கணினி நிரலை மனிதர் எழுதும் வடிவம் மூலநிரல் எனப்படும். நிரலை இயக்காமல், மூலநிரலை மட்டும் படித்துப் பாதுகாப்புக் குறைகளைக் கண்டறியும் கருவிகள் பல வழக்கில் உள்ளன. சொற்கூறுகளாகப் பிரித்தல், தொடரமைப்பை வரைதல், பொருளை ஊகித்தல் என இவை நிரலைப் படிக்கும் முறை மொழியியலார்க்குப் புதியதன்று. இவற்றிற்கு நேரும் இடர்ப்பாடோ மொழிபெயர்ப்பாளர் நன்கறிந்தது. சி மொழி நிரல்களைக் கொண்டு அவ்விடர்ப்பாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

மொழிகள் எவற்றைச் சொல்ல இயலும் என்பதைவிட எவற்றைச் சொல்லியாக வேண்டும் என்பதிலேயே வேறுபடுகின்றன என்பது ரோமன் யாக்கப்சன் 1959இல் வலியுறுத்திய கருத்து. தமிழில் தன்மைப் பன்மையை ஆள்பவர் 'நாம்', 'நாங்கள்' என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் அக்கட்டாயம் இல்லாமையால், தமிழாக்குவோர் கேட்போர் உளப்படுகின்றனரா என்பதைச் சூழலிலிருந்து மீட்டெடுக்க நேர்கிறது. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் இவ்வாறு கட்டாயமாகாத செய்தி ஒன்று உண்டு. நினைவகத்தில் ஓரிடத்தின் தொடக்கத்தைக் காட்டும் 'சுட்டு', அவ்விடம் எங்கே முடிகிறது என்பதைத் தன்னுடன் கொண்டு செல்வதில்லை. எல்லையை மீறி எழுதினால் அடுத்துள்ள தரவு அழியும்; மீறிப் படித்தால் அது வெளிப்படும். எழுதுவோர் மனத்தில் மட்டும் இருந்த எல்லையைக் கருவி சூழலிலிருந்து மீட்க வேண்டும்.

சில இடங்களில் சொல்லைக் கண்டாலே போதும். 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மாரிஸ் புழு, 'கெட்ஸ்' என்னும் செயற்கூற்றின் குறையைத் தன் வழிகளுள் ஒன்றாகக் கொண்டது. உள்ளீட்டை எங்கே வைப்பது என்பதை மட்டுமே அச்செயற்கூறு ஏற்கும். இடத்தின் அளவைச் சொல்ல அதில் வழியே இல்லை. 512 பைட்டு இடத்திற்குப் புழு 536 பைட்டுகளை அனுப்பியது. இச்சொல் வருமிடமெல்லாம் குறையே. எனவே 2011ஆம் ஆண்டுச் சி தரநிலை அதனை நீக்கிவிட்டது. டேவிட் வீலர் 2001இல் வெளியிட்ட 'ஃப்ளாஃபைண்டர்' முதலான கருவிகள் இத்தகைய சொற்களின் பட்டியலைக் கொண்டு தேடுவன. இவை சொல்லடைவை ஒத்தவை. ஒரு சொல் வழங்கும் இடங்களையெல்லாம் தரும், அங்கங்கே அதன் பொருள் யாது என்பதைத் தரா. 'மெம்காப்பி' என்னும் நகலெடுப்புச் செயற்கூறு பெரிய நிரல்களில் எண்ணற்ற இடங்களில் வரும். அவற்றுட் பெரும்பாலானவை பழுதற்றவை. பொய்யெச்சரிக்கை மிகுந்தால் படிப்போர் மெய்யெச்சரிக்கையையும் கடந்து சென்றுவிடுவர்.

சொல்லளவில் தேடுவதன் போதாமையை 2014இல் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' தெளிவாகக் காட்டுகிறது. 'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்னும் மறையாக்க நிரலகத்தில், தொடர்பு உயிர்ப்புடன் உள்ளதா என அறிய ஒரு கணினி சிறு செய்தியை அனுப்பும். மற்றது அதனையே திருப்பி அனுப்பும். செய்தியோடு அதன் நீளமும் கூறப்படும். ஒரு பைட்டு அனுப்பிவிட்டு 65,535 என்று கூறினாலும் நிரல் அதனை நம்பி, அடுத்திருந்த நினைவகப் பகுதியையும் சேர்த்து நகலெடுத்து அனுப்பியது. கடவுச்சொற்களும் மறைதிறவிகளும் அதில் அகப்படக் கூடும். 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் நுழைந்த இக்குறை 2014 ஏப்ரல் 7 அன்றுதான் திருத்தப்பெற்றது. கூறிய நீளம் வந்த செய்தியின் நீளத்தை மிஞ்சுகிறதா என்ற ஒப்பீடே திருத்தம்.

நகலெடுக்கும் வரியில் தொடரமைப்புப் பிழை எதுவுமில்லை. நீளம் யார் கூற்று என்பதே வினா. அது அயலார் கூற்று என்று அறியக் கருவி நெடுந்தொலைவு பின்னோக்கிச் செல்ல வேண்டியிருந்தது. 'கவரிட்டி' என்னும் கருவியை ஆக்கியோர், இது தப்பியதை அறிந்தபின், நுட்பமான ஓர் ஊகத்தைச் சேர்த்தனர். வலைப்பின்னலில் எண்ணின் பெருமதிப்புப் பைட்டு முன்வரும். பல கணினிகளின் நினைவகத்திலோ அது பின்வரும். ஆகவே நிரல் எங்கேனும் பைட்டுகளை வரிசை மாற்றி இணைக்குமாயின், அவ்வெண் வெளியிலிருந்து வந்தது எனக் கொள்ளலாம். 'வந்தானாம்' என்பதில் 'ஆம்' இடைச்சொல் பிறர் கூற்றை உணர்த்துவது போல, இவ்வரிசைமாற்றம் அயன்மையை உணர்த்துகிறது. (நிரலர் அதனை அக்கருத்தோடு எழுதவில்லை என்பது வேறு.)

எந்நிரலின் நடத்தையையும் பிழையின்றித் தீர்மானிக்கும் பொதுமுறை இல்லை என்பதை ஹென்றி ரைசின் 1953ஆம் ஆண்டுத் தேற்றம் காட்டுகிறது. ஆதலின் ஊகங்கள் எத்துணை கூர்மையாயினும் சில தப்பும், சில பொய்யாகும். கருவியைத் திருத்துவதினும் மொழியின் கட்டாயங்களை மாற்றுவதே பயன் மிக்கது எனத் தோன்றுகிறது. 2015இல் முதல் நிலைப்பதிப்புக் கண்ட 'ரஸ்ட்' மொழி அவ்வழிச் செல்வது. அதில் துண்டுச்சுட்டு நீளத்தையும் உடன்கொண்டு செல்லும். எல்லை மீறும் அணுகல் தடுக்கப்படும். இக்காவலைத் தளர்த்த விரும்புவோர் 'அன்சேஃப்' என்னும் சொல்லை வெளிப்படையாக எழுதியாக வேண்டும். அம்மொழியின் மூலநிரலில் நினைவகக் குறை தேடுவோர் முதற்கண் அச்சொல்லுக்கு ஒரு சொல்லடைவு எடுத்தால் போதும்; எவ்விடங்களைக் கூர்ந்து படிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அதுவே காட்டிவிடும்.