பெரிய ஓடரும் சின்னப் பித்தளைக் குழாயும்

மரத்தில் கடைந்த பேனையை வாங்குபவர் மரத்தைப் பார்த்தே வாங்குகிறார். கருங்காலியின் கறுப்பு, முதிரையின் மஞ்சள் மினுக்கம், பலாவின் பொன்னிறம் ஆகியவைதான் அவரது கையைப் பணப்பைக்குக் கொண்டுபோகின்றன. ஆனால் அந்தப் பேனை ஒருநாள் எழுதாமல் நின்றுவிட்டால் மரம் அதற்குக் காரணமாக இருப்பது அரிது. உள்ளே இருக்கும் முறுக்குப் பொறியோ ரீபிலோதான் காலை வாரியிருக்கும். கடைசல் பட்டறையிலும் இதே கதைதான். மரம் இல்லாமல் வேலை நின்றதை நான் கண்டதில்லை. விரல் நீளப் பித்தளைக் குழாய் ஒன்று இல்லாமல் நின்றதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் எனக்குப் பேனையோடு என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். படகு எஞ்சினுக்கு ஷாஃப்ட் கடைபவரும் கட்டில் கால் கடைபவரும் துளையிடும் பிட், சாண்ட்பேப்பர், பசை முதலியவற்றை எங்களைப் போன்ற கடைகளில்தான் வாங்குகிறார்கள். தளபாடப் பட்டறைகளில் மிஞ்சும் துண்டு மரத்தை முறையாக பில் போட்டு வாங்கிப் பேனை கடைந்து, நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் கடைசல்காரர் ஒருவரும் என் வாடிக்கையாளர். (பில் இல்லாத கருங்காலி, முதிரைத் துண்டுகளை யாரும் தொட வேண்டாம். அந்த மரங்களை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் வன இலாகாவின் அனுமதி வேண்டும்.) அவருக்குச் சாமான் எடுத்துக் கொடுத்துப் பழகியதில் உதிரிப்பாகங்களைக் கையிருப்பில் வைப்பது பற்றி நான் கண்டுகொண்ட சில விடயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலிம்லைன் எனப்படும் சாதாரண ரகப் பேனைக்கு எட்டுச் சாமான்கள் ஒரு பக்கெட்டில் வரும். 7 மில்லிமீற்றர்ப் பித்தளைக் குழாய் இரண்டு, முனை, முறுக்குப் பொறி, நடு வளையம், கிளிப், தலைமூடி, ரீபில். இதைத்தான் கிட் என்கிறார்கள். மரத்துண்டை இரண்டாக அறுத்து, நடுவே துளையிட்டு, குழாயைப் பசை போட்டு உள்ளே ஒட்டுவார்கள். பிறகு மேன்ட்ரல் என்ற இரும்புக் கம்பியில் புஷ்களோடு கோர்த்து லேத்தில் கடைந்து மினுக்குவார்கள். உலோகச் சாமான்களை அழுத்திப் பொருத்துவது கடைசி வேலை.

இதில் எங்கே அடிபடும்? கடையும்போது மரம் வெடிக்கும். அதிலும் கருங்காலி சூடு தாங்காது. துளையிடும்போது அவசரப்பட்டாலும், சாண்ட்பேப்பரை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தாலும் வெடிப்பு விழுந்துவிடும். மரம் போனால் போகட்டும், துண்டு மரம்தானே. ஆனால் அதற்குள் ஒட்டிய குழாயும் சேர்ந்து போகிறது. ஒட்டிய மரத்தைச் சீவியெடுத்துக் குழாயை மீட்கலாம் என்பது உண்மைதான். பொறுமையும் நேரமும் உள்ளவர் செய்வார். இரண்டு நாளில் ஓடர் கொடுக்க வேண்டியவர் செய்யமாட்டார். அப்போது குழாய் இல்லாத கிட் ஒன்று, மிச்சமெல்லாம் பளபளவென்று இருக்க, மேசையில் கிடக்கும். முழுக் கிட்டின் விலையில் குழாயின் விலை ஒரு சிறு துளி. அந்தச் சிறு துளி இல்லாததால் மீதிப் பணமும் முடங்கிப்போகிறது.

அடுத்தது புஷ். பேனையின் மரம் எந்த அளவுக்கு மெலிய வேண்டும் என்பதைக் காட்டும் அளவுகோல் அதுதான். மரத்தை உரசும் சாண்ட்பேப்பர் புஷ்ஷையும் சேர்த்தே தின்னும். பல பேனைகள் கடைந்தபின் புஷ் மயிரளவு மெலிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மரமும் உலோக வளையமும் சந்திக்கும் இடத்தில் விரலை வைத்தால் ஒரு படி தட்டும். இரும்புத் தூள் முதிரை போன்ற வெளிர் மரத்தில் கறுப்பாகப் படிவது இன்னொரு தொல்லை. ஆகவே புதுப் புஷ் ஒரு சோடியை வேலைக்கு எடுக்காமல் தனியே வைத்து, வேர்னியரால் பழையதோடு அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

மேன்ட்ரலை அதிகம் முடுக்கினால் வளையும். வளைந்த கம்பியில் கடைந்த பேனை ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வரும். இதற்கு உதிரி வாங்கும்போது லேத்தின் மோர்ஸ் டேப்பர் 1ஆ 2ஆ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மாறி வாங்கினால் பொருந்தாது. துளை பிட்டிலும் இதே பிரச்சினை உண்டு. 7 மில்லிமீற்றர் பிட் இல்லையென்று அங்குலக் கணக்கில் தேடினால் 17/64 பிட் 6.75 மில்லிமீற்றர், குழாய் உள்ளே போகாது. 9/32 பிட் 7.14 மில்லிமீற்றர், குழாய் சற்று ஆடினாலும் பசை பிடித்துக்கொள்ளும். கடையில் நிற்கும் பையன்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். "அது இல்லை" என்ற பதிலுக்குப் பதில் ஒரு பிட்டாவது விற்பனையாகும்.

எமது வியாபாரிகள் பலர் அதிகம் விலைபோகும் சாமானைத்தான் அதிகம் வாங்கி அடுக்குகிறார்கள். கடைக்கு அது சரியாக இருக்கலாம். உதிரிப்பாகத்துக்குச் சரிவராது. எந்தச் சாமான் இல்லாவிட்டால் வேலை நிற்கும் என்று கேட்டு, அதிலிருந்து பட்டியலைத் தொடங்க வேண்டும். எங்கள் கடற்றொழிலாளர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சிறிய எஞ்சின் போட்டுக் கடலுக்குப் போகிறவர் சியர் பின் ஒன்றையும் ஸ்பார்க் பிளக் ஒன்றையும் பிளாஸ்டிக் போத்தலில் போட்டுப் படகிலேயே வைத்திருப்பார். உதிரியாக ஒரு எஞ்சினை யாரும் ஏற்றிக்கொண்டு போவதில்லை. கடைசல்காரரோ, குழாய் பத்துச் சோடி வாங்க யோசித்துக்கொண்டு, தங்கமுலாம் பூசிய புதுமாதிரிக் கிட் ஐந்து கேட்பார்!

பேனைத் தொழிலில் வெளிச் சாமானுக்குக் காத்திருப்பது புதிய விடயம் அல்ல. இந்தியாவில், ஆந்திரத்தின் ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் என்பவர் 1932இல் சுதேசிப் பேனை செய்யத் தொடங்கினார். காந்தி அவருக்கு நன்றிக் கடிதம் எழுதியது 1935இல். எபனைட் என்ற இறுகிய ரப்பரில் கையால் கடைந்தெடுக்கும் பேனைகள் அவை. உடலையும் மூடியையும் லேத்தில் கடைந்துவிடலாம். நிப் அப்படி வராதே! சென்னைக்கு அருகே திருவள்ளூரில் ரங்கா என்ற பெயரில் இப்படிக் கடையும் பேனைகள் இன்று பல நாடுகளுக்குப் போகின்றன. அவற்றுக்கும் ஜெர்மனியின் யோவோ, பொக் நிப்புகளைக் கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. இரண்டு நிறுவனத்திலும் 6ஆம் இலக்க நிப் இருக்கிறது. ஆனால் நிப் கூட்டின் மரை ஒன்றுக்கொன்று சேராது. இலக்கம் ஒன்றுதானே என்று உதிரி வாங்கினால் பணம் வீண். மரப் பேனைக் கிட்டிலும் அப்படித்தான். பெயர் சிலிம்லைன் என்றே இருக்கும், ஆளுக்கு ஆள் அளவு சிறிது மாறும். கிட் வாங்கும் அதே இடத்தில், அதே ஓடரில் உதிரிக் குழாயையும் புஷ்ஷையும் எடுப்பதே பாதுகாப்பு.

எபனைட் கடைபவருக்கு நிப் மட்டும்தான் வெளிச் சாமான். மரக் கிட் பேனை செய்பவருக்கு மரத்தைத் தவிர எல்லாமே வெளிச் சாமான். அதன் கனம் 2022இல் தெரிந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. இடையில் ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. மாவுக்கும் மருந்துக்குமே டொலர் தேடிய நாட்டில் பேனைக் குழாய்க்கு யார் எல்.சி. திறப்பார்? மரம் தாராளமாக இருந்தது. மின்வெட்டு நேரம் போக லேத்தும் ஓடியது. என் வாடிக்கையாளர் அந்த மாதங்களை ஓட்டியது ஒரு பழைய பிஸ்கட் டின்னால். வெடித்த பேனை, கீறல் விழுந்த பேனை, திரும்பி வந்த பேனை எதையும் அவர் வீசுவதில்லை. தட்டிக் கழற்றும் கம்பி ஒன்று வைத்திருக்கிறார். முறுக்குப் பொறி, கிளிப், வளையம் என்று பிரித்தெடுத்து அந்த டின்னில் போட்டுவைப்பார். புதிதாகப் பேனை செய்ய அது போதவில்லை. விற்ற பேனைகளைத் திருத்திக் கொடுக்கப் போதுமாக இருந்தது.

அந்தக் காலத்தில் என் அலுமாரியில் இருந்த குழாய்களை என்ன விலைக்குக் கொடுப்பது என்ற கேள்வியும் வந்தது. பழைய விலைக்கே கொடுத்தால் திரும்ப வாங்க முதல் மிஞ்சாது. விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்தால் அது பதுக்கல். புதிய கொள்வனவு விலையை வெளிப்படையாகச் சொல்லி, ஒருவருக்கே எல்லாவற்றையும் கொடுக்காமல், கேட்டு வந்த ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களும் பிறகு வந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலிம்லைனுக்குப் போகும் ரீபில் குரோஸ் மாதிரியைச் சேர்ந்தது. மெலிந்தது, தலையில் மரை உள்ளது, முறுக்குப் பொறிக்குள் திருகிப் பூட்ட வேண்டும். எங்கள் பகுதியில் அது எல்லாக் கடையிலும் கிடைக்காது. சற்றுத் தடித்த கிட்டுகள் பலவற்றுக்குப் பார்க்கர் மாதிரி ரீபில் போகும். ஜீ 2 என்ற சர்வதேச அளவு அது. பல கம்பனிகள் செய்கின்றன, பெரிய புத்தகக் கடைகளில் கேட்டு வாங்கலாம். தடித்த கிட் விலை கூட, கடைவதும் கொஞ்சம் வேறு. இருந்தாலும் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகும் பேனைக்கு அதையே நான் சிபாரிசு செய்கிறேன். வாங்கியவரே தன் ஊரில் ரீபில் போட்டுக்கொள்வார். அந்த உதிரியை எமது அலுமாரியில் வைத்துக் காக்க வேண்டியதில்லை. பேனைப் பெட்டிக்குள் எந்த ரீபில் என்று ஒரு சிறு துண்டுச் சீட்டும் வைக்கலாம்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு எல்லாச் சாமானையும் அள்ளி வாங்க வேண்டாம். குழாயும் புஷ்ஷும் வருடக்கணக்கில் கிடக்கும். கடல் காற்றில் குழாய் கறுத்தால் ஒட்டுமுன் சாண்ட்பேப்பரால் உரசினால் போதும். சுப்பர் குளூ அப்படியல்ல. திறந்த போத்தல் எங்கள் ஈரக் காற்றில் சீக்கிரம் இறுகிவிடும். ரீபிலிலும் வருடங்கள் போனால் மை காயும். ஆகவே இவை இரண்டையும் கொஞ்சமாக, அடிக்கடி வாங்க வேண்டும். ஸகாத்துக்காக வருடாந்தம் சரக்கை எண்ணும்போது கிடந்து பழுதாகும் சாமான் எது என்று கண்ணில் படும். அதைத் தனியே குறித்துவைத்தால் அடுத்த கொள்வனவுக்கு அதுவே வழிகாட்டி.

எவ்வளவு வாங்குவது என்பதற்குக் கணக்கு எளிது. மாதம் 20 பேனை கடைபவர், சாமான் வந்துசேர ஆறு வாரம் ஆகுமென்றால், கிட் 30க்குக் குறையும் முன்பே அடுத்த ஓடரைப் போட வேண்டும். பத்தில் ஒன்று வெடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் 30 கிட்டுக்கு உதிரிக் குழாய் மூன்று சோடி போதும் என்று தோன்றும். நான் ஆறு சோடி வைக்கச் சொல்வேன், மலிவுதானே. 50 பேனை கேட்டு ஒரு நிறுவனம் அன்பளிப்பு ஓடர் தந்தால் 52 கிட்டாவது கையில் இருக்க வேண்டும். 49 பேனையை ஏற்றுக்கொண்டு முழுப் பணம் தரும் நிறுவனத்தை நான் இன்னும் சந்திக்கவில்லை. நிலாவெளியில் ஆள்நடமாட்டம் கூடுவது மே முதல் செப்டெம்பர் வரை. அந்தப் பருவத்துக்கான சாமான் மார்ச் மாதத்திலேயே பட்டறையில் இருக்க வேண்டும். கொழும்பில் வாங்குபவர்கள் பெப்ரவரியிலேயே சொல்லிவைத்து, குழாயின் அளவை வாயால் சொல்லாமல் மாதிரி ஒன்றைக் கையோடு அனுப்பிவிடுங்கள்.