மருந்து வெட்டாது, ஆளைக் காட்டிக்கொடுக்கும்

இன்னைக்கு டோஃபர்சென் என்ற மருந்தைப் பத்திப் பேசப்போறேன்.

ஏஎல்எஸ் நோயைக் கேள்விப்பட்டிருப்பீங்க, ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு வந்தது. தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும். நோயாளிகளில் சுமார் 2 சதவீதம் பேருக்கு எஸ்ஓடி1 என்ற ஒரே ஜீனில் இருக்கும் பிழைதான் காரணம். அதிலிருந்து உருவாகும் புரதம் தப்பா மடிஞ்சு, செல்லுக்கே விஷமாகுது.

புரதம் எப்படி உருவாகுது? ஜீனில் இருக்கும் குறிப்பு முதலில் எம்ஆர்என்ஏவாக நகலெடுக்கப்படும். அந்த நகலைப் படிச்சுத்தான் செல் புரதம் செய்யும். அப்போ, படிக்கிறதுக்கு முன்னாடியே நகலை அழிச்சுட்டா? புரதம் குறையும். ஐடியா அவ்வளவுதான்.

ஆனா செல்லுக்குள்ள ஆயிரக்கணக்கான வகை எம்ஆர்என்ஏ இருக்கே, சரியானதை எப்படிப் பிடிக்கிறது? இதுக்கு உதவுவது எழுத்துகள் ஜோடி சேரும் விதி. ஜி-க்கு எதிரே சி, ஏ-க்கு எதிரே டி. எஸ்ஓடி1 நகலின் ஒரு பகுதிக்கு எதிர்ஜோடியாக 20 எழுத்து நீளத்தில் ஒரு இழையைச் செஞ்சா, அது அங்கே போய் ஒட்டிக்கும். இதுதான் ஆன்டிசென்ஸ்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான். அந்த இழை எதையும் வெட்டாது! வெட்டுவது நம்ம செல்லிலேயே இருக்கும் ஆர்என்ஏஸ் ஹெச்1 என்ற என்சைம். டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் ஜோடியா ஒட்டியிருந்தா, அது ஆர்என்ஏவை மட்டும் வெட்டும். மருந்து இழை முழுசா விடுபட்டு, அடுத்த நகலைத் தேடிப் போகும். அதனாலதான் இழையின் நடுவில் 10 எழுத்து டிஎன்ஏ. இரண்டு முனையிலும் இருக்கும் ஐந்தைந்து எழுத்துகள் வேதியியல் மாற்றம் செய்யப்பட்டவை. மற்ற என்சைம்கள் இழையைச் சிதைக்காம அவை காக்கும், பிடிமானத்தையும் கூட்டும்.

முதுகுத்தண்டு திரவத்தில் ஊசியா இதைப் போடுவாங்க. 28 வார சோதனையில், நரம்புச் சிதைவைக் காட்டும் நியூரோஃபிலமென்ட் ரத்தத்தில் நல்லாவே குறைஞ்சது. ஆனா நோயாளிகளின் உடல் இயக்கம் சரிவதில், மருந்தில்லாத ஊசி போட்டவங்களோடு ஒப்பிட்டா, தெளிவான வித்தியாசம் இல்லை. அப்படியும் 2023 ஏப்ரலில், நியூரோஃபிலமென்ட் குறைஞ்சதை வச்சு அமெரிக்காவின் எஃப்டிஏ விரைவு அனுமதி கொடுத்தது.

நகலை அழிக்கலாம், செத்துப்போன செல்லை மீட்க முடியாது. அதனாலதான் ஜீனில் பிழை இருந்தும் அறிகுறி இன்னும் வராதவங்களை வச்சு அட்லஸ் என்ற சோதனையைத் தொடங்கினாங்க. இந்த மருந்துக்கு இனி உண்மையான கேள்வி, எவ்வளவு சீக்கிரம் கொடுக்கணும் என்பதுதான்.