குடும்ப மரக் கோப்பு: ஒரு செயலியில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எப்படி?

பழவேற்காடு ஏரியோர மீனவர் கிராமங்களில் ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்ற கேள்விக்குத் தனி மதிப்பு உண்டு. முறைவைத்து வலை போடும் ‘பாடு’ வழக்கத்தில், உரிமை தலைக்கட்டு வழியாகவே வருகிறது. பெரியவர்கள் மனதில் வைத்திருக்கும் அந்த உறவுக் கணக்கை நீங்கள் செல்போனில் ஏற்றத் தொடங்கிவிட்டீர்களா? நல்ல காரியம்!

ஆனால், ஊரில் அண்ணன் ஒரு செயலியிலும், சென்னையில் தங்கை வேறொரு செயலியிலும் பதிந்து வைத்திருந்தால் என்ன செய்வது? மறுபடியும் முதலில் இருந்து டைப் பண்ண வேண்டாம். அதற்குத்தான் ‘ஜெட்காம்’ என்ற பொதுக் கோப்பு வடிவம் இருக்கிறது. 1984-ல் வெளிவந்த இதை மைஹெரிடேஜ் தளம், கணினிக்கான இலவச மென்பொருள் கிராம்ப்ஸ் உள்ளிட்ட பலவும் ஏற்கும்.

எப்படிச் செய்வது?

1. உங்கள் மென்பொருளில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து, ஜெட்காம் வடிவத்தைத் தேர்வு செய்யுங்கள்.
2. எழுத்துமுறை கேட்டால் ‘யுடிஎஃப்-8’ கொடுங்கள். பழைய ‘ஆன்செல்’ முறையில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடலாம். 2021-ல் வந்த 7.0 பதிப்பில் யுடிஎஃப்-8 மட்டும்தான்.
3. கோப்பை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். பெறுபவர் தன் மென்பொருளில் ‘இம்போர்ட்’ கொடுத்தால் போதும்.

இதையெல்லாம் கவனியுங்க!

• சாதாரண ஜெட்காம் கோப்புக்குள் புகைப்படம் இருக்காது. படங்களைத் தனியாக அனுப்ப வேண்டும்.

• நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சில மென்பொருள்கள் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். மாற்றிய பிறகு சில பெயர்களைச் சரிபாருங்கள்.

• அத்தை மகள், தாய்மாமன் என்று சொந்தத்திலேயே கல்யாணம் நடந்திருந்தால், ஒரே ஆள் இரண்டு கிளையிலும் வருவார். அவரை இரண்டு முறை பதியாதீர்கள். இரண்டு கோப்புகளைச் சேர்த்த பின் இரட்டைப் பதிவுகளை ‘மெர்ஜ்’ செய்யுங்கள்.

• உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, செல்போன் எண் போன்றவற்றை நீக்கிவிட்டு அனுப்புங்கள். ஆதார் எண்ணைப் பதியவே வேண்டாம்.

• பழைய கோப்பை உடனே அழித்துவிடாதீர்கள். புதியதில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து ஒப்பிடுங்கள்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். இந்தக் கோப்பு வாரிசுச் சான்றிதழ் ஆகாது. அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வட்டாட்சியரிடம் இருந்துதான் பெற வேண்டும். ஆனால் விண்ணப்பத்தை நிரப்பும்போது, யாருடைய பெயரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள இந்த மரம் கைகொடுக்கும்.