மென்மை என்னும் குற்றம்: கத்தோலிக்க ஒழுக்க மரபில் ஆண்மையும் அதன் மறுதலையும்

கத்தோலிக்கத் திருச்சபையின் ஒழுக்கவியல் நூல்களில் 'மொல்லிட்டியெஸ்' என்றொரு குற்றம் பேசப்படுகின்றது. மென்மை, இளகிய தன்மை என்பதே அவ்விலத்தீன் சொல்லின் நேர்ப்பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டொமினிக்கத் துறவியர் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது 'எஃபெமினசி', அதாவது பெண்தன்மை, என்று எழுதினர். 1582இல் வெளிவந்த கத்தோலிக்க ஆங்கிலப் புதிய ஏற்பாட்டிலும் இதன் இனச்சொல்லே ஆளப்பட்டிருந்தது. ஆண்மை குன்றிவிட்டது என வருந்தும் அமெரிக்கக் கத்தோலிக்க மரபுவாதிகளின் எழுத்திலும் உரையிலும் இன்று இச்சொல் அடிக்கடி தலைகாட்டுகின்றது. ஒருவனின் குரல், நடை, கையசைவு ஆகியவற்றைச் சுட்டி அவனைக் குற்றவாளியாக்கவும் சிலர் இதனைக் கையாள்கின்றனர். மூலநூல் உண்மையில் யாரைக் குறித்துப் பேசுகின்றது என்று பார்ப்பது, அந்த ஒரு சொல்லால் தலைகுனிந்து நிற்கும் மனிதருக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச நீதியாகும்.

மூலநூல் என்று இங்குக் குறிப்பது, தாமஸ் அக்குவினாஸ் (1225–1274) இயற்றிய 'சும்மா தியோலஜியே' என்னும் இறையியல் தொகுப்பு. திருச்சபை அவருக்கு 1567இல் மறைவல்லுநர் பட்டம் அளித்தது. 1879இல் பதின்மூன்றாம் லியோ போப்பு அவரது மெய்யியலைக் கத்தோலிக்கக் கல்விக்கு அடிப்படையாக்க வலியுறுத்தினார். மென்மை பற்றிய அவரது ஆய்வு அரிஸ்டாட்டிலின் ஒழுக்கவியல் நூலின் ஏழாம் பகுதியைத் தழுவியது. அந்நூல் பாக்தாதின் மொழிபெயர்ப்புக் காலத்தில் அரபிக்கு வந்தது என்பதும், ஹிஜ்ரி 595இல் மறைந்த குர்துபா அறிஞர் இப்னு ருஷ்து அதற்கு எழுதிய விளக்கவுரை 1240இல் தொலைதோ நகரில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது என்பதும் நம் வாசகர்கள் அறிந்து மகிழத்தக்கவை. எனினும் இவ்வாய்வில் அக்குவினாஸ் பயன்படுத்தியது கிரேக்கத்திலிருந்து நேரே இலத்தீனாக்கப்பட்ட பிரதியே. 'மலகியா' என்னும் கிரேக்கச் சொல்லே அதில் மென்மை என்றாயிற்று.

கத்தோலிக்க மறைக்கல்வி தலையான புண்ணியங்கள் நான்கு என்று கற்பிக்கும். விவேகம், நீதி, திடம், மட்டசனம் என்பன அவை. இவற்றுள் திடத்தின் கிளைகளில் ஒன்று நிலைத்துநிற்றல். நம் வழக்கில் இஸ்திகாமத் என்பதற்கு அணுக்கமானது. அந்த நிலைத்துநிற்றலுக்கு எதிரான குற்றமாகவே அக்குவினாஸ் மென்மையை வைக்கின்றார். நூலின் அமைப்பில் இந்த இடம் மிக முக்கியமானது. கற்புநெறி மீறல்களுக்கு அவர் வேறோர் அதிகாரம் வகுத்துள்ளார்; உடை பற்றிய ஆய்வும் பிறிதோரிடத்தில் உள்ளது. மென்மை அவ்விரண்டின் கீழும் வைக்கப்படவில்லை.

அவர் தரும் விளக்கம் எளிய ஓர் உவமையில் நிற்கின்றது. தொட்டவுடன் குழியும் பொருளையே மெல்லியது என்கிறோம். கோட்டைச் சுவரும் பெரும் இடிமரத்தால் மோதப்படும்போது இடிந்து விழுகின்றது. அதனால் எவரும் அச்சுவரை மெல்லியது என்பதில்லை. அவ்வாறே கொடிய அச்சத்துக்கோ கடும் வேதனைக்கோ ஆட்பட்டு ஒருவன் தளர்ந்தால், அவனை இக்குற்றத்தின் பெயரால் அழைத்தல் தகாது. இன்பத்தின் ஈர்ப்பு வலியது. அச்சத்தின் தாக்குதல் அதனினும் வலியது. இன்பம் இல்லாமற்போவதால் வரும் சிறு வருத்தமோ இவையனைத்திலும் இலேசானது. அந்த இலேசான தொடுதலுக்கே குழிந்து, தொடங்கிய நற்செயலைக் கைவிடுபவனே மெல்லியன். வயிறு சற்றுக் காய்ந்ததால், உறக்கம் சற்றுக் குறைந்ததால், வழக்கமான சுகம் ஒரு நாள் கிட்டாததால் கடமையை விடுபவன் என்று நாம் இதனை விரித்துக்கொள்ளலாம். விளையாட்டுக் கேளிக்கையில் அளவிறந்து மூழ்குபவனையும் அவர் இப்பட்டியலில் சேர்க்கின்றார். கேளிக்கை என்பது உழைப்பிலிருந்து பெறும் ஓய்வு. ஓய்வையே ஓயாமல் நாடுபவன் உழைப்பின் சிறு சுமையையும் தாங்கமாட்டான் என்பது காரணம். உள்ளங்கைத் திரையில் இரவைக் கழிக்கும் நம் காலத்து இளைஞரை அவர் கண்டதில்லை. கண்டவர் போல் எழுதியிருக்கின்றார்.

இவ்விடத்தில் ஒன்றை மறைத்தல் அறமன்று. மென்மை தோன்றும் வழிகள் இரண்டு என்றும், ஒன்று சுகத்தில் ஊறிய பழக்கம், மற்றது பிறவியிலமைந்த உடற்கூறு என்றும் அக்குவினாஸ் கூறுகின்றார். இரண்டாவதற்குச் சான்றாக ஆணோடு ஒப்பிடப்பட்ட பெண்ணின் இயல்பை அரிஸ்டாட்டிலைப் பின்பற்றியே காட்டுகின்றார். பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் இறையாட்சியை இழப்போர் வரிசையில் 'மலகோய்', அதாவது மெல்லியோர், இடம்பெறுகின்றனர். பழைய உரைகாரர் சிலர் அதனை ஒருபாலுறவில் பெண்ணின் நிலையை ஏற்பவர் எனக் கொண்டனர். அவ்வழக்கை அக்குவினாஸ் அறிவார், மறுக்கவுமில்லை. ஆயினும் அவர் அதனைத் தம் ஆய்வின் முதல் ஆட்சேபமாக எடுத்து நிறுத்தியிருப்பது ஈண்டு நோக்கத்தக்கது. மென்மை கற்புக்கு எதிரானதுதானே, நிலைத்துநிற்றலுக்கு எதிரானது எவ்வாறு என்பதே அந்த ஆட்சேபம். அதனைக் கேட்டு விடை பகர்ந்த பின்னும் அவரது வரையறை மாறவில்லை. குழப்பம் எழும் வாயிலில் அவரே காவல் நின்றிருக்கின்றார். பின்வந்தோர்தாம் வேறு வழியாக நுழைந்தனர்.

இக்குற்றத்துக்கு எதிர்முனையிலும் அதே அதிகாரத்தில் இன்னொரு குற்றம் உண்டு. அது பிடிவாதம். நிற்கவேண்டிய எல்லையைக் கடந்தும் தன் கருத்தைவிட்டு அசைய மறுப்பவன் மெல்லியனைப் போலவே நெறி தவறியவன். ஆண்மையைப் பற்றி முழங்குவோர் முதற்பாதியை மேற்கோள் காட்டி இரண்டாம் பாதியைப் படிக்காமல் விடுவதை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். திடத்தின் தலையாய செயல் தாக்குதலன்று, தாங்குதலே என்று அக்குவினாஸ் தீர்த்துரைத்திருப்பதும் அவ்வாறே மறக்கப்படுகின்றது.

சொற்பிறப்பு இக்குழப்பத்துக்கு ஓரளவு துணைசெய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆடவனைக் குறிக்கும் 'விர்' என்பதிலிருந்தே 'விர்த்தூஸ்' என்னும் நற்பண்பின் பெயர் வந்தது என்று சிசரோ எழுதினார். அரபியிலும் 'மர்உ' என்பதிலிருந்தே 'முரூஅத்' பிறக்கின்றது. தமிழ் ஆண்மையும் அத்தகையதே. எனினும் கத்தோலிக்க மரபு அந்தப் பண்பை ஆடவருக்கே உரிமையாக்கிவிடவில்லை. 203இல் கார்த்தேஜ் நகரின் அரங்கில் உயிர்நீத்த பெர்பெத்துவா, தாம் ஆணாக மாறிப் போரிடுவதாகச் சிறையில் கனவு கண்டார். பதினாறாம் நூற்றாண்டில் அவிலா நகரத் தெரேசா தம் மடத்துக் கன்னியரை வலிய ஆடவரைப் போல் விளங்குமாறு அறிவுறுத்தினார். ஆணுடை தரித்ததும் குற்றச்சாட்டுகளில் ஒன்றாக, 1431இல் எரிக்கப்பட்ட ஜோன் ஆஃப் ஆர்க்கின் தண்டனையைத் திருச்சபை நீதிமன்றமே 1456இல் செல்லாததாக்கியது. 1920இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். மாற்றுடை பொதுவில் தகாதது என்ற அக்குவினாஸும், பகைவரிடமிருந்து ஒளியவோ வேறு உடையின்மையாலோ அணிவதில் பாவமில்லை என்று விலக்களித்திருந்தார்.

ஆடவருக்கு இம்மரபு காட்டும் தலையாய முன்மாதிரி, தமிழ்க் கத்தோலிக்கர் சூசையப்பர் என்றழைக்கும் யோசேப்பு. நற்செய்தி நூல்கள் நான்கிலும் அவர் வாய்திறந்து பேசிய ஒரு சொல்கூட இல்லை. தச்சர், குடும்பத்தைக் காத்தவர், திருச்சபையின் கொள்கைப்படி மணவாழ்விலும் துறவு காத்தவர். 1870இல் ஒன்பதாம் பயஸ் போப்பு அவரை அகிலத் திருச்சபையின் காவலராக அறிவித்தார். ஓவியங்களில் அவர் கையில் இருப்பது லீலி மலர்.

துறவறத்தைப் போற்றும் இம்மரபே ஒருகாலத்தில் ஆண்மையற்றது என்று பழிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புரோட்டஸ்டண்ட் எழுத்தாளர் சார்லஸ் கிங்ஸ்லி, உடல்வலிமை போற்றும் கிறிஸ்தவத்தின் முகமாக விளங்கினார். மணம்புரியாத குருக்கள் அவருக்கு வெறுப்பூட்டினர். 1864இல் அவர் நியூமன் என்னும் குருவின் வாய்மையை ஐயுற்று எழுத, அதற்கு மறுமொழியாகவே நியூமனின் புகழ்பெற்ற தன்வரலாறு எழுந்தது. அந்த நியூமனை 2019இல் திருச்சபை புனிதராக்கியது. அன்று கத்தோலிக்கக் குருவை நோக்கி எறியப்பட்ட அதே சொல்லை இன்று கத்தோலிக்கரே தம் பிள்ளைகளை நோக்கி எறிவது வியப்புக்குரியது.

அமெரிக்காவில் 1999இல் லியோன் போடல்ஸ் எழுதிய நூல், கிறிஸ்தவம் பெண்மைப்பட்டுவிட்டதால் ஆடவர் ஆலயத்தைவிட்டு விலகினர் என்று வாதிட்டது. 2015இல் பீனிக்ஸ் ஆயர் ஓம்ஸ்டெட் ஆடவருக்கென்றே ஓர் அறிவுரை மடல் விடுத்தார். தொண்ணூறு நாள் தண்ணீரில் குளிர்ந்த நீராட்டு, மது விலக்கு, தொலைக்காட்சி விலக்கு என நோன்பு பூணும் 'எக்ஸோடஸ் 90' என்னும் இயக்கமும் பரவியது. பழக்கமே மென்மையின் ஊற்று என்று அக்குவினாஸ் கூறியிருக்க, பழக்கத்தை முறிக்கும் இத்தகைய நோன்பு மூலநூலுக்கு நெருக்கமானதே. மெல்லிய குரலுடைய பையனை உரத்துப் பேசப் பழக்குவதற்கு மூலத்தில் ஆதாரமில்லை. ஒரு நாள் சுகம் தவறினால் வீட்டாரிடம் சீறிவிழும் உரத்த குரலினனே அந்த அதிகாரத்தின் வரையறைக்குள் அடங்குபவன்.

அக்குவினாஸின் உடன்பிறந்தோர் சிலர் பேரரசன் இரண்டாம் பிரெடரிக்கின் படைவீரர்கள். இரந்துண்ணும் டொமினிக்கத் துறவியாக அவர் சேர்ந்ததைக் குடும்பத்தார் பொறாது, 1244இல் அவரை வழிமறித்துப் பிடித்து ஏறத்தாழ ஓராண்டு கோட்டையில் அடைத்து வைத்தனர். அவர் தம் துறவு முடிவைக் கைவிடவில்லை. 1245இல் விடுவிக்கப்பட்டு மீண்டும் துறவியரோடு இணைந்தார். பின்னர்க் கொலோன் நகரில் பயின்றபோது, பேசாதிருக்கும் இயல்பைக் கண்ட உடன்மாணவர்கள் அவரை ஊமை எருது என்று கேலி செய்தனர்.