ஜிம்மியின் காதும் நான் கொடுத்த முட்டையும்



'நாய் வாலை நிமிர்த்த முடியாது' என்று பெரியவங்க சொல்வாங்க. வாலைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் நாயின் காதைச் சரி செய்ய முடியும் என்பதை இந்த வருடம் தெரிந்துகொண்டேன். அதற்கு ஆறு மாதம் ஆனது. அதில் ஒரு மாதம் வீணாய்ப் போனது என்னால்தான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு ஜிம்மிக்கு 4 வயது. காது இரண்டும் தொங்கிக்கொண்டு இருக்கும். போன வருடம் மட்டும் மூன்று முறை அதற்குக் காதில் நோய் வந்தது. தலையைத் தலையை உதறும். பின்னங்காலால் காதைப் பிராண்டும். காதுக்குள் காப்பித்தூள் மாதிரி அழுக்கு, பக்கத்தில் போனால் புளித்த மாவு வாடை. ஒவ்வொரு தடவையும் கடையில் சொட்டு மருந்து வாங்கி விடுவோம். சரியாகும். அடுத்த மாதமே திரும்ப வரும். எங்க அம்மாயி பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சியும் ஊற்றிப் பார்த்தாங்க. அதிலும் தீரவில்லை.

ஜூன் மாதம் ஒரு நாள் என் தங்கச்சி ஜிம்மியைக் கட்டிப்பிடித்துக் காதைத் தடவினாள். அது வெடுக்கென்று கையைக் கவ்விவிட்டது. பல் பட்டு ரத்தம் வந்தது. அம்மா உடனே சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவினாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசியும் போட்டோம். ஜிம்மிக்கு வருடா வருடம் வெறிநாய்த் தடுப்பூசி போடுகிறோம். இருந்தாலும் நாய் கடித்தால் நாமும் ஊசி போட்டே ஆக வேண்டும்.

எங்க அப்பா லாரி ஓட்டுறாங்க. அன்று ராத்திரி, "அடுத்த லோடுக்குப் போறப்போ இதையும் ஏத்திக்கிட்டுப் போய் எங்கயாச்சும் தூரமா இறக்கி விட்டுடறேன்" என்று சொல்லிட்டாங்க. நான் சாப்பிடாமல் அழுதேன். கடைசியில் அப்பா, "சரி, ஒரே ஒரு தடவை பெரிய டாக்டர்கிட்டக் காட்டலாம்" என்றார். அப்படித்தான் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். 1985-இல் தொடங்கிய கல்லூரி அது. நம்ம ஊரிலேயே இருந்தும் நான் அன்றுதான் உள்ளே போனேன்.

காதுக்குள் என்ன நடக்கிறது?

டாக்டர் விளக்கு வைத்த கருவியால் காதுக்குள் பார்த்தார். பிறகு பஞ்சுக் குச்சியில் அழுக்கை எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் போட்டு நுண்ணோக்கியில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். தோலோடு இருக்கும் நிலக்கடலை மாதிரி குட்டிக் குட்டியாக நிறையத் தெரிந்தது. அது 'மலசீசியா' என்ற ஈஸ்ட் பூஞ்சை. நல்ல நாயின் காதிலும் இது கொஞ்சம் இருக்கும், ஒன்றும் செய்யாது. இடம் கிடைத்தால்தான் பெருகும்.

நம் காதுக் குழாய் ஏறக்குறைய நேராக உள்ளே போகும். நாயின் காதுக் குழாய் முதலில் கீழே இறங்கி, பிறகு பக்கவாட்டில் திரும்பும். வீட்டுச் சாக்கடைக் குழாயின் வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் அழுக்கும் ஈரமும் சுலபத்தில் வெளியே வராது. அதற்கு மேல் தொங்கும் காது மூடி போட்ட மாதிரி இருந்தால் உள்ளே காற்றும் போகாது.

"ஆனா எல்லா நாய்க்கும் காது இப்படித்தானே இருக்கு? ஜிம்மிக்கு மட்டும் ஏன் சார் திரும்பத் திரும்ப வருது?" என்று கேட்டேன். டாக்டர் சிரித்துக்கொண்டே, "இதத்தான் கேக்கணும் கண்ணு. திரும்பத் திரும்ப வந்தா, காதுல மட்டும் தேடக் கூடாது. அது என்ன சாப்பிடுதுன்னும் பாக்கணும்" என்றார்.

சோற்றுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

காதுக் குழாயின் உட்பக்கமும் தோல்தான். சில நாய்களின் உடம்பு, தான் சாப்பிடும் ஒரு புரதத்தை எதிரி என்று தப்பாக நினைத்துச் சண்டை போடும். இதுதான் உணவு ஒவ்வாமை. நாய்க்கு அது பெரும்பாலும் தோலில்தான் தெரியும். காது, பாதம், வயிற்றின் அடிப்பக்கம் எல்லாம் அரிக்கும். தோல் சிவந்து வீங்கினால் காதில் குறும்பி அதிகமாகும், சூடும் ஈரமும் கூடும். ஈஸ்டுக்கு அது போதும். சொட்டு மருந்து ஈஸ்டைக் கொல்லும். ஆனால் தட்டில் இருக்கும் காரணம் அப்படியே இருக்கும். அதனால்தான் நோய் திரும்ப வருகிறது.

புது உணவுக்குத்தான் ஒவ்வாமை வரும் என்று நான் நினைத்திருந்தேன். அது தப்பு. பல மாதம், பல வருடம் சாப்பிட்டுப் பழகிய உணவுக்கே வரும். நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, பால் பொருள், கோழிக்கறி, கோதுமை. ஒவ்வொரு நாய்க்கும் ஒவ்வொன்று.

எல்லாக் காது நோய்க்கும் சாப்பாடு காரணம் இல்லை. உண்ணி, காதுப் பூச்சி, குளிக்கும்போது போன தண்ணீர், புல் முள், தூசி, மகரந்தம் என்று பல காரணம் உண்டு. அவற்றையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் சாப்பாட்டுக்கு வந்தார்.

8 வாரப் பரீட்சை

ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியாதா என்று அப்பா கேட்டார். உணவு ஒவ்வாமைக்கு அந்தச் சோதனையை நம்ப முடியாதாம். ஒரே வழி, இதுவரை ஜிம்மி சாப்பிடாத உணவை மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்ப்பது. ஜிம்மி இதுவரை சாப்பிட்டது சோறு, கோழிக்கடைத் தோலும் காலும், பால், பிஸ்கட். அதனால் டாக்டர் சொன்னபடி, முள் எடுத்த ஜிலேபி மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வேகவைத்துக் கொடுத்தோம். உப்பு, காரம், வெங்காயம், பூண்டு கிடையாது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகவே ஆகாது. கூடவே காதைச் சுத்தம் செய்யும் திரவமும் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள்.

மூன்று வாரத்தில் காது சுத்தமானது. மருந்தை நிறுத்தினோம். 10 நாளில் மறுபடியும் தலையை உதற ஆரம்பித்தது! அப்பா, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். டாக்டர் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து, "யாரோ என்னமோ குடுக்கறீங்க" என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. நம் பள்ளிச் சத்துணவில் போடும் முட்டையில் பாதியை டிபன் பாக்ஸில் மறைத்து எடுத்துப் போய், தினமும் சாயங்காலம் ஜிம்மிக்குக் கொடுத்தது நான்தான். வெறும் கிழங்கைத் தின்கிறதே என்று பாவமாக இருந்தது. பாசம் என்று நினைத்துக் கொடுத்தேன். அதுதான் அதன் காதை எரிய வைத்தது. அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. "இப்பவாச்சும் சொன்னியே. மறுபடி முதல்ல இருந்து 8 வாரம்" என்றார்.

ஆகஸ்டில் மறுபடி தொடங்கினோம். நாட்காட்டியில் நாள்தோறும் பெருக்கல் குறி போட்டேன். பக்கத்து வீட்டிலும் சொல்லி வைத்தேன். செப்டம்பர் கடைசியில் காது ரோஜா நிறத்தில் இருந்தது. வாடையே இல்லை.

அதோடு முடியவில்லை. பழைய உணவை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால்தான் குற்றவாளி யாரென்று தெரியும். இரண்டு வாரம் சோறு கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை. கோழிக்கறி கொடுத்த ஐந்தாம் நாளே பாதத்தை நக்கி, காதைப் பிராண்டியது. உடனே நிறுத்தினோம். காது ஆறிய பிறகு முட்டை கொடுத்தோம், அதே கதை. பால் கொடுத்தபோது காதுக்கு ஒன்றும் ஆகவில்லை, வயிறுதான் போனது. இது ஒவ்வாமை இல்லை. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குக் குறைவு. அதைச் செரிமானக் கோளாறு என்றுதான் சொல்ல வேண்டும்.

முட்டைக்கும் கோழிக்கும் பேர் போன நாமக்கல்லில் பிறந்து, அந்த இரண்டையும் சாப்பிட முடியாத நாய் எங்கள் ஜிம்மி!

நாய் வளர்க்கும் நண்பர்கள் கவனத்துக்கு

1. அடிக்கடி தலையை உதறினால் சும்மா விடாதீர்கள். உதறி உதறிக் காது மடலில் ரத்தக் குழாய் உடைந்து, மடல் பலூன் போல வீங்கிவிடும்.
2. டாக்டர் பார்க்கும் முன் எண்ணெயோ மருந்தோ ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் உள்ளே போய்க் காது கேட்காமலே போகலாம்.
3. பஞ்சுக் குச்சியை உள்ளே விடாதீர்கள். அழுக்கு இன்னும் கீழே போகும்.
4. 8 வாரப் பரீட்சையை நீங்களாகத் தொடங்காதீர்கள். டாக்டர் சொல்லும் உணவு, டாக்டர் சொல்லும் அளவு.
5. சாதுவான நாய் திடீரென்று சீறினால், 'வெறி பிடிச்சிருச்சு', 'திமிரு' என்று நாமே முடிவு கட்டக் கூடாது. அடிக்கவும் கூடாது. தள்ளி நின்று, பெரியவர்களிடம் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள். எங்கேயோ வலிக்கலாம். அதற்கு வாய் இல்லை, பல்தான் இருக்கிறது.

போன வாரம் அப்பா லோடு இறக்கிவிட்டு விடியற்காலையில் வந்தார். ஜிம்மி ஓடிப் போய் அவர் காலில் விழுந்தது. அப்பா குனிந்து அதன் காதைத்தான் முதலில் சொறிந்துவிட்டார். அது கண்ணை மூடிக்கொண்டு நின்றது. தங்கச்சியும் இப்போது பயப்படுவதில்லை.

நான் இப்போது என் முட்டையை முழுசாக நானே சாப்பிடுகிறேன். எங்கள் தெருப் பக்கம் வரும் நண்பர்களே, ஜிம்மி எவ்வளவு கெஞ்சினாலும் முட்டையோ கோழி எலும்போ போட்டுவிடாதீர்கள். தடவிக் கொடுங்கள், அது போதும்.



— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்