பத்து ஏக்கர் நிலமும் அறுநூறு டொலரும்

கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்பிலிருந்து மேற்கு நோக்கி நடப்பவர் ஊர் முடிந்ததும் வயல்வெளியில் இறங்கிவிடுகிறார். கிழக்கே கடல், நடுவே மணற்பாங்கான நிலத்தில் நெருங்கிக் கட்டிய வீடுகள், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல்வட்டைகள். அம்பாறைக் கரையோரத்துத் தமிழூர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் பொதுவான அமைப்பு இதுவே. கூலிக்கு வேளாண்மை வெட்டப் போகும் மனிதர் எத்தகையோர் என்று இவ்வூர்களில் வளர்ந்த எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஆதலால், அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக் 1937ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எலிகளும் மனிதர்களும்’ என்னும் சிறு நாவலை இப்பகுதி மாணவர் ஒருவர் படிக்க எடுத்தால், பாதி நூல் தமக்கு முன்பே தெரிந்ததுபோல அவருக்குத் தோன்றக்கூடும். அந்தத் தோற்றம் ஓரளவுக்குத் துணை செய்யும். அதற்கு மேல் அதுவே வழி தவறச் செய்யும்.

கதை நடக்கும் இடம் கலிபோர்னியா மாநிலத்தின் சலீனாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அருகிலுள்ள சிற்றூரின் பெயர் சொலெடாட். ஸ்பானிய மொழியில் அதற்குத் ‘தனிமை’ என்பது பொருள். கதைக்கென்று கட்டிய பெயர்போல இருப்பினும், அது நிலப்படத்தில் உள்ள பெயரே. காலம், 1930களின் பெரும் பொருளாதார மந்தம். ஜோர்ஜ், லெனி என்னும் இருவர் பண்ணைக்குப் பண்ணை மாறிக் கூலி வேலை செய்கின்றனர். ஜோர்ஜ் சிறிய உடலும் கூரிய மதியும் உடையவன். லெனி மலைபோன்ற உடலும் குழந்தையின் அறிவும் உடையவன். மென்மையான எதைக் கண்டாலும் தடவிப் பார்க்க விரும்புவான். ஆனால் தன் கையின் பலத்தை அறியான். முதலில் எலி, பின்னர் நாய்க்குட்டி, இறுதியில் பண்ணை முதலாளியுடைய மகனின் இளம் மனைவி என அவன் கையில் உயிர்கள் போகின்றன. பழிவாங்கத் துரத்திவரும் கூட்டத்தின் கையில் அவன் சிக்குமுன், ஆற்றங்கரையில் ஜோர்ஜே அவனைச் சுட்டுவிடுகிறான். ஒரு வியாழன் மாலை தொடங்கும் கதை ஞாயிறு மாலை முடிந்துவிடுகிறது.

ஸ்ரைன்பெக் இந்த மண்ணின் மைந்தர். 1902இல் சலீனாஸ் நகரிற் பிறந்து, இளமையில் அப்பகுதியின் சீனிக்கிழங்குப் பண்ணைகளில் வேலை செய்தவர். 1962இல் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு பெற்றார், 1968இல் மறைந்தார். உரையாடலை அப்படியே மேடையில் பேசி நடிக்கக்கூடிய வகையில் இந்நாவலை அவர் எழுதினார். வெளிவந்த ஆண்டிலேயே அது நியூயோர்க்கில் நாடகமாயிற்று. கையெழுத்துப் பிரதியிற் பாதியளவை அவருடைய நாய்க்குட்டி கடித்துக் குதறிவிட, அவர் அதனைத் திரும்ப எழுத நேர்ந்தது என்பதும் பதிவாகியுள்ள செய்தி. நூலின் தலைப்பு ஸ்கொத்லாந்துக் கவிஞர் றொபேட் பேர்ண்ஸ் 1785இல் எழுதிய கவிதையொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. உழும்போது கலப்பை சிதைத்துவிட்ட எலிக்கூட்டைப் பார்த்து உழவன் வருந்துவதாக அமைந்த கவிதை அது. வரப்பில் எலிவளை வெட்டிப் பழகிய வயற்காரர் இதனைக் கேட்டால் சிரிக்கவும் கூடும். ஆயினும் மாரிக்கென்று சேர்த்துவைத்த கூடு ஒரு நொடியில் அழிவது எத்தகையது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் பாடசாலைகளில் இந்நூல் பல்லாண்டுகள் பொதுத்தேர்வுப் பாடமாக இருந்தது. 2014இல் பாடத்திட்டம் மாற்றப்பட்டபோது தேர்வுப் பட்டியல்களிலிருந்து நீங்கியது. அங்குக் குடியேறிய ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலரும் இதனைப் படித்தே தேர்வெழுதினர். வகுப்பறைகளில் வழக்கமாக எழுப்பப்பட்ட வினாக்கள் இரண்டு: ஜோர்ஜ் செய்தது சரியா? நட்பைப் பற்றி இந்நூல் என்ன சொல்கிறது? இவை தவறான வினாக்கள் அல்ல. ஆனால் இவற்றோடு நின்றுவிடும் மாணவருக்கு நூலில் வரும் கூலி கண்ணிற் படுவதில்லை. ஒரு நாவலை எண்களைக் குறித்துக்கொண்டு படிப்பது இலக்கிய வாசிப்பு ஆகுமா என்று சிலர் கேட்கலாம். இந்நாவலைப் பொறுத்தவரை, அதுவே சிறந்த வாசிப்பு.

அதற்குமுன், இக்கரையோரத்தின் பழைய வயல் ஒழுங்கை நினைவுகூர்வது பயன்தரும். பெருநிலக்காரர் போடியார் எனப்பட்டார். அவர் பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார். வயலில் ஆட்களுக்குத் தலைமை தாங்கி வேலையை நடத்துபவன் முல்லைக்காரன். விதைப்புக் காலத்திலும் வெட்டுக் காலத்திலும் ஆட்கள் கரையோர ஊர்களிலிருந்து மேற்கே சென்று, வயல் நடுவே ஓலையால் வேய்ந்த வாடிகளில் வாரக்கணக்கில் தங்குவர். இரவில் யானைக்கும் பன்றிக்கும் காவல், பகலில் வெயில். கதிரை வெட்டிச் சூடு வைத்து, களத்தில் மாடுகளைக் கட்டி மிதித்துப் பொலி தூற்றியபின், போடியார் முன்பு கொடுத்திருந்த நெல்லும் பணமும் அக்களத்திலேயே கழிக்கப்படும். எஞ்சியதே கூலியாளுக்கு. எஞ்சாத ஆண்டுகளும் உண்டு. உழவு இயந்திரமும் பின்னர் அறுவடை இயந்திரமும் வந்து இவ்வொழுங்கைப் பெரிதும் மாற்றிவிட்டன. எனினும் முதியோரின் பேச்சில் அது இன்றும் உயிரோடிருக்கிறது.

இதனை அறிந்தவருக்கு ஸ்ரைன்பெக் வருணிக்கும் கூலியாட்களின் கொட்டில் புதியதன்று. வரிசையாகப் படுக்கைகள், சுவரில் ஆணியடித்த பழப்பெட்டியே உடைமை வைக்கும் தட்டு, முன்பு படுத்திருந்தவன் விட்டுச்சென்ற பூச்சிக்கொல்லி மருந்துப் பேணி, மாலையிற் சீட்டாட்டம். வாடியில் இருந்தவர் எவரும் அந்த வாசனையை அறிவர். முல்லைக்காரனுக்குரிய இயல்பான அதிகாரத்தோடு சிலிம் என்னும் கோவேறு கழுதைக்காரன் அங்கே நடமாடுகிறான். முதலாளியின் மகன் கேர்லி காரணமின்றிச் சண்டைக்கு இழுக்கிறான். அத்தகையோரையும் எல்லா வட்டைகளும் கண்டிருக்கின்றன.

ஆயினும் இவ்விடத்தில்தான் கரையோர வாசகர் ஏமாந்துபோகக்கூடும். வாடிக்குப் போனவன் திரும்பிவர ஒரு வீடு இருந்தது. ஜோர்ஜுக்கும் லெனிக்கும் அது இல்லை. ஒரு பண்ணையில் வேலை முடிந்தால் அடுத்த பண்ணை, அதற்கப்பாலும் பண்ணையே. தோளிற் சுருட்டிய போர்வைதான் அவர்களுடைய ஊர்.

கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. பாண்டிருப்புத் தமிழரிடத்தும், அயலிலுள்ள மருதமுனை, கல்முனை முஸ்லிம்களிடத்தும் இவ்வழக்கம் ஒன்றே. மகளுக்கு மணம் முடிக்கும்போது வீட்டைச் சீதனமாக எழுதிக்கொடுப்பர். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். பெற்றோர் பக்கத்திலேயே சிறிய குடிலொன்றுக்கு ஒதுங்குவதும் உண்டு. குடியும் தாய்வழியாகவே எண்ணப்படுகிறது. ஆகவே ஒரு முழ நிலமும் இல்லாத கூலியாளுங்கூட மனைவியின் வளவில் உரிமையோடு கால்வைக்கிறான். சீதன முறையின் கொடுமைகள் தனியே பேசப்படவேண்டியவை. ஒரு வீட்டைக் கட்டிமுடிக்கப் பெற்றோரும் உடன்பிறந்தாரும் படும் பாட்டை இவ்வூர்கள் நன்கறியும். எனினும் வீடு, பெண் என்னும் இரண்டையும் பிரித்து நினைக்க இங்கு யாருக்கும் இயலாது.

ஸ்ரைன்பெக்கின் பண்ணையிலோ ஒரே ஒரு பெண். அவளுக்கு ஆசிரியர் பெயரே வைக்கவில்லை. தொடக்கம் முதல் இறுதி வரை கேர்லியின் மனைவி என்றே குறிப்பிடப்படுகிறாள். கொட்டிலில் உள்ள ஆண்கள் அவளைக் கண்டு அஞ்சி ஒதுங்குகின்றனர். அவளோ பேச ஆள் தேடிக் கதவுதோறும் வந்து நிற்கிறாள். சினிமா நடிகையாகும் ஆசை ஒன்றை அவள் லெனியிடம் சொல்லத் தொடங்கும் பக்கங்களே நூலில் அவளுக்கென்று கிடைத்த இடம். அவை முடியும்போது அவள் உயிரும் முடிகிறது. இது நூலின் குறையா, அந்த உலகின் குறையா என்று அறிஞர்கள் வாதிட்டுள்ளனர். இரண்டும் என்றே சொல்லத் தோன்றுகிறது.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பு விழாவில் பாண்டவர் வனவாசம் செல்வது சடங்காக நிகழ்த்தப்படுகிறது. நாடிழந்தவர் காட்டுக்குப் போவதை அங்கே கூடுவோர் ஆண்டுதோறும் காண்கின்றனர். நாடிழந்த ஐவரோடும் திரௌபதை உடன் செல்கிறாள். திரும்பி வந்தபின் அவர்கள் ஐந்து ஊராவது கேட்கின்றனர்; அதுவுமில்லையெனில் ஐந்து வீடு. ஜோர்ஜ் கேட்பது அதனினும் குறைவு: பத்து ஏக்கர் நிலம், சிறு வீடு, சில கோழிகள், லெனி வளர்க்க முயல்கள். அந்தக் கனவில் பெண் என்று ஒருத்தி இல்லை.

இனி அந்தக் கணக்கு. நிலத்தின் விலை அறுநூறு டொலர். மாதக்கூலி ஆளுக்கு ஐம்பது. கென்டி என்னும் முதிய கூலியாள் இயந்திரத்திற் கையை இழந்தவன். அதற்கு இழப்பீடாகக் கிடைத்தது இருநூற்றைம்பது டொலர். மேலும் ஐம்பது சேர்த்து வைத்திருக்கிறான். மாதமுடிவில் வரும் கூலியோடு அவன் பங்கு முந்நூற்றைம்பது. ஜோர்ஜும் லெனியும் ஒரு சதமும் செலவழிக்காமல் அம்மாதத்தைக் கழித்தால் நூறு. ஆக நானூற்றைம்பது. எஞ்சிய நூற்றைம்பதும் மூவரின் அடுத்த மாதக் கூலியளவே. முதன்முறையாகக் கனவு கணக்கில் அடங்குகிறது. மூவரும் பேச்சற்று ஒருவரையொருவர் பார்க்கின்றனர். நூலின் மிக உயர்ந்த இடம் அதுவே.

பின்னர் லெனி கொலைசெய்து ஓடிவிட்டான். வைக்கோலில் கிடக்கும் பிணத்தருகே நின்றுகொண்டு, நாம் இருவருமாவது அந்த நிலத்தை வாங்கலாமல்லவா என்று கென்டி கேட்கிறான். ஜோர்ஜ் மறுத்துவிடுகிறான், மாதம் முழுதும் உழைத்து, ஐம்பது டொலரையும் ஓரிரவிற் கரைக்கப் போவதாகச் சொல்கிறான். இங்கே வாசகர் நின்று கணக்கிட வேண்டும். லெனி இல்லையெனில் முதல் மாதமுடிவில் கையிலிருப்பது நானூறு. இருவரும் மாதம் நூறு சேர்த்தால் மேலும் இரண்டு மாதங்களில் அறுநூறு நிறைந்துவிடும். மூவராக இருந்திருந்தால் மேலும் ஒரு மாதத்தில் நிறைந்திருக்கும். அதாவது, காகிதத்தில் எழுதிப் பார்த்தால் லெனியின் சாவினால் நிலம் தள்ளிப்போவது ஒரே ஒரு மாதம்.

ஆனால் ஜோர்ஜ் இதனை எண்ணிப் பார்க்கவுமில்லை. பணம் போதாமையாற் கனவு உடைந்தது என்று எழுதும் தேர்வு விடைகள் இவ்விடத்தில் பிழைபடுகின்றன. வீட்டைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லும்படி கேட்டவன் லெனி. கேட்பதற்கு அவன் இருந்ததால் அந்த வீடு இருந்தது. நூற்றுக்கணக்கானோர் இதே நிலத்தைத் தலையிற் சுமந்து வந்து ஒருவரும் பெறாமற் போனதைக் கண்டதாகக் குதிரைலாயத்தில் தனியே ஒதுக்கப்பட்ட கறுப்பினத்தவனான குரூக்ஸ் கூறுகிறான். அவ்வளவும் சொன்னவனே சிறிது நேரத்தில் சம்பளமின்றியே அங்கு வந்து உழைக்கட்டுமா என்று கேட்கிறான். தனியே இருப்பவனால் நிலத்தை விரும்பவும் இயலவில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டுவது கடினம்.

கலிபோர்னியாவின் உண்மை நிலை நாவலைவிடக் கடுமையானது. அங்கு வயல்வேலை செய்தோரிற் பெருந்தொகையினர் மெக்சிக்கரும் பிலிப்பைன்ஸ் நாட்டவரும். 1934இல் சலீனாஸ் இலைக்கோசு வயல்களில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1936இல் அவ்வூரே மற்றொரு வேலைநிறுத்தத்தாற் கொந்தளித்தது. அவற்றுள் எதுவும் 1937இல் வந்த இந்நூலில் இல்லை. வேலைநிறுத்தத்தைப் பற்றி 1936இலேயே வேறொரு நாவலும், நிலமிழந்த குடும்பத்தைப் பற்றி 1939இல் ‘கோபத்தின் கனிகள்’ என்னும் பெருநாவலும் அவர் எழுதினார். பஞ்சாபிலிருந்து சென்று கலிபோர்னியப் பண்ணைகளில் உழைத்தவர்களுக்கு அறுநூறு டொலர் இருந்தாலும் பயனில்லை. குடியுரிமை பெறமுடியாத அந்நியர் விளைநிலம் உடைமையாக வைத்திருப்பதை 1913ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. இந்தியர் அவ்வகையினரே என்று 1923இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜோர்ஜின் கணக்கை அவர்கள் தொடங்கவே வழியில்லை.

கரையோர ஊர்களில் அந்தக் கணக்கு இன்று வேறு நாணயங்களிற் போடப்படுகிறது. 1970களின் பிற்பகுதி தொடங்கி மத்திய கிழக்கு நாடுகளுக்கு ஆண்களும் பெண்களும் உழைக்கச் செல்கின்றனர். கட்டாரிலும் சவூதியிலும் எட்டுப்பேர் ஓர் அறையிற் படுக்கும் கொட்டில்கள் சொலெடாட்டின் கொட்டிலை ஒத்தவையே. போகும்போது வாங்கிய கடன், மாதச் சம்பளம், வீட்டுக்கு அனுப்பியது, தங்கையின் வீட்டுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று அங்கும் இரவில் விரல்விட்டு எண்ணுகின்றனர். கூரை போடாமல் நிற்கும் கல்வீடுகள் இவ்வூர்களிற் பல உண்டு. ஆனால் அவற்றின் முன்னே யாரோ ஒருவர் தொலைபேசியிற் கேட்டுக்கொண்டிருக்கின்றார்: எப்போது வருவாய், கூரைக்குப் பணம் எப்போது வரும் என்று.

நூலின் இறுதிக் காட்சியில் சிலிம் ஜோர்ஜை அழைத்துக்கொண்டு நடக்கிறான். இவர்களுக்கு என்ன வந்துவிட்டது என்று துப்பாக்கிக்காரன் கார்ல்சன் விளங்காமற் கேட்கிறான். வாசகர் அனைவரும் ஆற்றங்கரையிலேயே நின்றுவிடுகின்றனர். பண்ணைக் களஞ்சியத்தில், வைக்கோல்மீது கண்களைக் கையால் மூடிக்கொண்டு கென்டி படுத்திருக்கிறான். அவனை ஆசிரியர் மீண்டும் காட்டவில்லை. அவனுடைய முந்நூறு டொலரும் வங்கியில் அப்படியே இருக்கிறது.