மேலாகாயக் காற்றும் புயலின் துரித வளர்ச்சியும்

புயலுக்கு ஆகாரம் சமுத்திரத்தின் உஷ்ணமே என்பது பலரும் அறிந்த விஷயம். கடல்நீரின் உஷ்ணம் சுமார் 26.5 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்டிருப்பின், அதிலிருந்து எழும் நீராவி புயலை வளர்க்கின்றது. ஆயினும் சில புயல்கள் ஒரே இரவில் உக்கிரமடைவதற்கு, 7, 8 மைல் உயரத்தில் நிகழும் மாறுதல்களும் துணை செய்கின்றன. ஒரு நாளைக்குள் காற்றின் வேகம் மணிக்கு 35 மைலுக்குக் குறையாமல் கூடுமாயின், அதனை வானிலை அறிஞர் துரித வளர்ச்சி என்பர்.

புயலை ஓர் அடுப்புக்கு ஒப்பிடலாம். கீழே காற்றுப் புகுவதற்கு வாய் இருந்தால் மட்டும் போதாது. மேலே புகை செல்ல வழியும் வேண்டும். புயலின் நடுவே எழும் காற்று உச்சியில் பரவி வெளியேறுதல் அவசியம். மேலாகாயத்தில் நகர்ந்து வரும் தாழ்வழுத்தப் பள்ளம் ஒன்று தக்க தூரத்தில் அணுகுமாயின், அக்காற்றை விரைந்து இழுத்துச் செல்கின்றது. அதனால் கீழே அழுத்தம் வீழ, ஈரக்காற்று முன்னிலும் வேகமாய் உட்புகுகின்றது. அப்பள்ளம் மிக நெருங்கிவிட்டாலோ, மேற்காற்று புயலின் தலையைச் சாய்த்து வலிமையைக் குன்றச் செய்யும்.

1995-ஆம் ஆண்டு மெக்ஸிகோ வளைகுடாவில் வீசிய ஓபல் என்னும் புயல் இதற்குத் தக்க உதாரணம். மேற்கிலிருந்து இத்தகைய பள்ளம் ஒன்று அணுகிய சமயத்தில், அப்புயல் மிக்க உஷ்ணமான நீர்ப்பரப்பையும் கடந்தது. இவ்விரண்டும் சேரவே, அக்டோபர் 3-ந்தேதி இரவு அது வெகு துரிதமாய் வளர்ந்தது. மறுநாள் விடியற்காலையில் அழுத்தம் 916 மில்லிபாராகத் தாழ்ந்தது. காற்றின் வேகம் மணிக்கு 150 மைலை எட்டியது. இரவில் அமைதியாய் உறங்கிய புளோரிடாக் கரையோரத்தார் பலர், காலையில் ஒரே சமயத்தில் புறப்பட்டமையால் சாலைகளில் வழியின்றித் தவித்தனர். அன்று மாலை கரையேறுமுன் புயல் சற்றே தளர்ந்தது அவர்தம் நல்வினையே.

நம் வங்காள விரிகுடாப் புயல்களுக்கும் இயற்கையின் விதி இதுவே. ஆதலின், மாலையில் அறிவிக்கப்பட்ட பலமே காலையிலும் இருக்குமென்று குடியானவர்கள் நம்பியிருத்தல் கூடாது. முதல் எச்சரிக்கை கிடைத்தவுடனேயே முற்றிய கதிரை அறுத்துச் சேர்த்தல், வடிகால்களைத் திறத்தல், வாழைக்கு முட்டுக் கொடுத்தல், கால்நடைகளை மேட்டுநிலம் சேர்த்தல் ஆகியவற்றை முடித்துவிடல் வேண்டும். அதன்பின் புதிய அறிவிப்புகளை அடிக்கடி கேட்டு வருவதும் இன்றியமையாதது. வீண் உழைப்பாய் முடியினும், அதனால் நேரும் நஷ்டம் சிறிதே.